முடிவு தெரிந்த கதைக்குப் பதற்றமான டைட்டில்: சரித்திரத் தொடர்களிடம் கற்கும் செய்முறை

சரித்திரத் தொடர் எடுப்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. கதையின் முடிவு எல்லோருக்கும் தெரியும். ஜூலியஸ் சீசர் கத்திக்குத்துப்பட்டுச் சாகப்போகிறார் என்பதை மறைத்து வைத்து என்ன பயன்? ஆகவே 'அடுத்து என்ன நடக்கும்' என்ற ஆர்வத்தை நம்பி டைட்டில், அதாவது தொடரின் தொடக்கத்தில் பெயர்களோடு ஓடும் அறிமுகக் காட்சி, அமைக்க முடியாது. 'இவ்வளவு பெரியது எப்படிச் சரிந்தது' என்ற உறுத்தலைத்தான் அந்த ஒரு நிமிடத்தில் விதைக்க வேண்டும். கோட்டை, குதிரை, வாள், புழுதி என்று வரிசையாக அடுக்கினால் அது டிரெய்லர், டைட்டில் ஆகாது.

ஒரு செல்போன், டாவின்சி ரிசால்வ் மாதிரி இலவசமாகக் கிடைக்கும் எடிட்டிங் மென்பொருள். பழகிப்பார்க்க இவை போதும்.

படி 1: எது ஆபத்தில் இருக்கிறது?

ஒரே வரியில் எழுதுங்கள். கதைச்சுருக்கம் வேண்டாம். நாம் ஒரு கற்பனைத் தொடரை எடுத்துக்கொள்வோம்: 'அரசர் நம்பியிருக்கும் அமைச்சரே அவருடைய கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்.' ஆபத்தில் இருப்பது நம்பிக்கை. சரி, அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: ஒரு பொருள், அதைக் குலைக்கும் ஓர் அசைவு

வித்தை முழுவதும் இங்கேதான் இருக்கிறது. 1976-ல் பிபிசி ஒளிபரப்பிய 'ஐ, கிளாடியஸ்' தொடரின் டைட்டிலைப் பாருங்கள். ரோமானிய மொசைக் சித்திரம் ஒன்று. அதன்மேல் ஒரு பாம்பு ஊர்ந்து போகிறது. அவ்வளவுதான். அரண்மனைக்குள் விஷம் புழங்கப்போகிறது என்று யாரும் வாய்திறந்து சொல்லவில்லை, நமக்கே புரிந்துவிடுகிறது.

2005-ல் வந்த 'ரோம்' தொடரில் பொருள், தெருச் சுவர். அதில் கிறுக்கியிருக்கும் உருவங்கள் உயிர்பெற்று அசைகின்றன. மாமன்னர்களின் வரலாற்றைத் தெருவிலிருந்து பார்க்கப்போகிறோம் என்பது முதல் சில விநாடிகளிலேயே தெரிகிறது. பிரிட்டன் ராணி இரண்டாம் எலிசபெத்தின் கதையாக 2016-ல் தொடங்கிய 'தி கிரவுன்' தொடரிலோ உருகிய தங்கம் ஓடித் திரண்டு கிரீடமாகிறது. ராணியின் முகம்கூட வேண்டியிருக்கவில்லை.

மூன்றிலும் பொருள் அந்தக் காலத்துக்கு உரியது, அசைவு கதைக்கு உரியது. நம் அமைச்சர் கதைக்கு? கடிதத்தின் அரக்கு முத்திரை. அதைக் குலைப்பது சூடு.

படி 3: கிட்டத்தில் போய்ப் படம்பிடியுங்கள்

ஒரு உலோகத் தட்டில் அரக்கை உருக்கி ஊற்றி, சிங்க முகம் மாதிரி புடைப்பான அச்சு ஏதாவது பதித்து ஆறவிடுங்கள். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒரே ஒரு விளக்கைத் தட்டின் மட்டத்துக்கே தாழ்த்திப் பக்கவாட்டில் வையுங்கள். மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் முத்திரை வெறும் சிவப்பு வட்டமாகத் தட்டையாகிவிடும். பக்கத்திலிருந்து விழும்போதுதான் பிடரியின் ஒவ்வொரு மயிரும் நிழலோடு எழுந்து நிற்கும்.

செல்போனில் விநாடிக்கு 120 பிரேம் (தனித்தனிப் படம்) வைத்து எடுத்து, 24 பிரேமில் ஓட்டினால் ஐந்து மடங்கு மெதுவாகும். தட்டின் அடியில் மெழுகுவத்தியைக் காட்டுங்கள். (ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு; காகிதத்தையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு.) முதலில் விளிம்பு பளபளக்கும், அப்புறம் சிங்கத்தின் தாடை சரியும்.

இதே காட்சியைத் தலைகீழாக ஓட்டிப் பாருங்கள். குழம்பாகக் கிடந்தது தானே கூடி முத்திரையாகும். நேராக ஓடினால் வீழ்ச்சியின் கதை, தலைகீழாக ஓடினால் அதிகாரம் உருவாகும் கதை. படி 1-ல் எழுதிய வரிதான் எது வேண்டும் என்று முடிவு செய்யும்.

படி 4: இசை

பழைய கதைக்குப் பழைய வாத்தியம்தான் வேண்டும் என்று சட்டமில்லை. 2013-ல் தொடங்கிய 'வைகிங்ஸ்' தொடரின் டைட்டில் பாடல் நம் காலத்து எலக்ட்ரானிக் பாடல். அலைக்கும் கப்பலுக்கும் அது கச்சிதமாகப் பொருந்தியது. இதற்கு நேர் எதிர்த் திசையில் போனது 1988-ல் தூர்தர்ஷனில் வந்த 'பாரத் ஏக் கோஜ்'. ஷியாம் பெனகல் இயக்கிய அந்தத் தொடருக்கு வன்ராஜ் பாட்டியா ரிக்வேதத்தின் படைப்புப் பாடலை இசையமைத்தார். 'படைப்பு எங்கிருந்து வந்தது, யாருக்குத் தெரியும்?' என்று கேட்கும் பாடல் அது. ஐயாயிரம் ஆண்டு வரலாற்றைச் சொல்லவரும் தொடர் ஒரு கேள்வியோடு ஆரம்பிப்பது, என்னைக் கேட்டால், எந்தப் போர்முரசையும்விட வலுவானது.

சோகக் கதைக்குச் சோக இசை என்பதும் கட்டாயமல்ல. கொரியக் குடும்பம் ஒன்றின் கதையான 'பச்சின்கோ' தொடரின் முதல் பருவத்தில், கதையில் அத்தனை துயரம் சுமக்கும் பாத்திரங்களே டைட்டிலில் குதூகலமாக ஆடுவார்கள். இரண்டு மூன்று அத்தியாயம் பார்த்தபிறகு அந்த ஆட்டமே தொண்டையை அடைக்கும்.

படி 5: எழுத்து

பெயர்களை அசைவின்மேல் போடாதீர்கள். படத்தில் இருட்டாக, அமைதியாக இருக்கும் பக்கத்தில் போடுங்கள். ஒவ்வொரு பெயரும் இரண்டு விநாடியாவது நிற்கட்டும். தமிழில் செய்பவர்கள் கவனிக்க: எழுத்தெழுத்தாகப் பறந்துவரும் அனிமேஷனில் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியே பிய்ந்துபோக வாய்ப்புண்டு. முழுச் சொல்லாக மெல்லத் தோன்றச் செய்வதே பாதுகாப்பு. பழமை காட்டுவதற்காகக் கல்வெட்டு மாதிரி சிதைந்த எழுத்துரு தேடுவதும் வேண்டாம். பொருள்தான் ஏற்கெனவே காலத்தைச் சொல்லிவிட்டதே.

தொடரின் பெயர் கடைசியில், இசை உச்சம் தொட்டு ஓயும் இடத்தில்.

படி 6: நீளம், சோதனை

2017-ல் நெட்பிளிக்ஸ் அறிமுகத்தைத் தாண்டிச் செல்லும் பொத்தானைக் கொண்டுவந்தபிறகு பார்வையாளரின் விரல் எப்போதும் தயார். ஆகவே பாம்போ உருகலோ, எதுவானாலும் முதல் ஐந்து விநாடிக்குள் தலைகாட்ட வேண்டும். மொத்தம் ஒரு நிமிடம் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெட்டி முடித்ததும் கதை தெரியாத ஒருவருக்குச் சத்தத்தை அணைத்துப் போட்டுக் காட்டி, 'இதில் என்ன தப்பு நடக்கப்போகிறது?' என்று கேளுங்கள். 'யாரோ ரகசியத்தை உடைக்கிறாங்க போல' என்று பதில் வந்தால் டைட்டில் வேலை செய்கிறது. 'ரொம்ப அழகா இருக்கு' என்று மட்டும் சொன்னால் படி 2-க்குத் திரும்புங்கள்.