எல் பிராக்கெட் வாங்கும் முன் கேமராவின் இடப்பக்கத்தைப் பாருங்கள்

ட்ரைபாடில் கேமரா கிடைவாக்கில் நிற்கிறது. எதிரே உயரமான கோபுரம். நெடுவாக்கில் எடுத்தால்தான் கலசம் வரை சட்டத்துக்குள் வரும். வழக்கமாக என்ன செய்கிறோம்? ட்ரைபாடின் மேல் கேமராவைத் தாங்கும், எந்தப் பக்கமும் சாயும் உருண்டைத் தலையான பால் ஹெட்டைத் தளர்த்தி, பக்கவாட்டில் உள்ள வெட்டுக்குள் தண்டை இறக்கி, கேமராவை 90 டிகிரி சாய்த்துத் தொங்க விடுகிறோம்.

இப்படியும் படம் எடுக்கலாம். ஆனால் எடை முழுவதும் ட்ரைபாடின் நடுவை விட்டு ஒரு பக்கமாகப் போய்விடுகிறது. சோனி ஏ7எம்4 கேமரா பேட்டரி, கார்டுடன் 658 கிராம். அதில் 24-70 எஃப்2.8 ஜிஎம் இரண்டாம் தலைமுறை லென்ஸ் போட்டால் இன்னும் 695 கிராம். இந்த எடை பக்கவாட்டில் தொங்கும்போது, இறுக்கிய பிறகும் பால் ஹெட் மயிரிழை அளவு கீழே இறங்கும். அடியில் இருக்கும் ஒற்றைத் திருகைச் சுற்றிக் கேமராவே மெல்லத் திரும்பவும் செய்யும். கூடவே லென்ஸ் இருந்த இடம் பக்கமாகவும் கீழாகவும் நகர்ந்துவிடுவதால், பார்த்துப் பார்த்து அமைத்த சட்டத்தை முதலிலிருந்து அமைக்க வேண்டும்.

எல் பிராக்கெட் இதைத்தான் சரிசெய்கிறது. கேமராவின் அடியில் ஒரு தகடு, இடப்பக்கத்தில் மேல்நோக்கி இன்னொரு தகடு. இரண்டின் விளிம்பும் பால் ஹெட்டின் உச்சியில் தகட்டைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்பில் பொருந்தும். கிளாம்பைத் தளர்த்தி, கேமராவைத் தூக்கி, பக்கத் தகட்டை உள்ளே வைத்து இறுக்கினால் முடிந்தது. பால் ஹெட்டைத் தொடவே வேண்டாம். எடை ட்ரைபாடின் நடுவிலேயே நிற்கும், லென்ஸும் ஏறக்குறைய அதே இடத்தில் இருக்கும். நெடுவாக்குப் படங்களை வரிசையாக எடுத்து பனோரமாவாக ஒட்டுபவர்களுக்கு இது இல்லாமல் வேலையே ஓடாது.

எல்லோருக்கும் தேவை என்று சொல்ல மாட்டேன். 70-200 எஃப்2.8, 100-400 போன்ற லென்ஸ்களில், லென்ஸையே ட்ரைபாடில் மாட்ட உதவும் வளையமான ட்ரைபாட் காலர் இருக்கும். காலரைத் தளர்த்தி கேமராவைச் சுழற்றினாலே நெடுவாக்கு வந்துவிடும். அந்த மாதிரி லென்ஸ்தான் உங்கள் முக்கிய லென்ஸ் என்றால் காசை மிச்சப்படுத்துங்கள். இயற்கைக் காட்சி, கட்டடம், இரவு வானம் என்று அகலக் கோண லென்ஸோடு ட்ரைபாடில் நிற்பவர்கள் மட்டும் மேலே படியுங்கள்.

படி 1: முதலில் ட்ரைபாடைப் பாருங்கள்

பிராக்கெட் பிடிப்பது கேமராவை. பிராக்கெட்டைப் பிடிப்பது கிளாம்ப். இன்று கிடைக்கும் எல் பிராக்கெட்டுகள் பெரும்பாலும் ஆர்கா-ஸ்விஸ் வகை. அதாவது விளிம்பு இரண்டும் சாய்வாகச் சீவப்பட்டு, ஏறத்தாழ 38 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கும். மான்ஃப்ரோட்டோவின் ஆர்சி2 போன்ற பழைய வகை ஹெட் உங்களிடம் இருந்தால் இது உட்காராது. ஹெட்டையோ கிளாம்பையோ மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இன்னொன்று. ஆர்கா வகை என்பது எல்லா நிறுவனங்களும் சேர்ந்து வகுத்த ஒரே அளவு அல்ல. நிறுவனத்துக்கு நிறுவனம் அகலம் துளி மாறும். திருகி இறுக்கும் கிளாம்புக்கு இது பொருட்டே இல்லை, இன்னும் ஒரு சுற்று திருப்பினால் பிடித்துக்கொள்ளும். நெம்புகோல் வகை கிளாம்ப் அப்படி இல்லை. அதன் பிடி ஒரே அகலத்துக்கு அமைக்கப்பட்டிருக்கும். தகடு கொஞ்சம் ஒல்லியாக இருந்தால் மூடிய பிறகும் ஆடும், தடிமனாக இருந்தால் மூடவே மூடாது. அதனால் நெம்புகோல் கிளாம்ப் வைத்திருப்பவர்கள் முடிந்தவரை அதே நிறுவனத்தின் பிராக்கெட்டையே வாங்குவது நல்லது.

படி 2: கேமராவின் முழுப் பெயரோடு தேடுங்கள்

'எல்லா கேமராவுக்கும் பொருந்தும்' என்று விற்கும் பொதுவான பிராக்கெட்டை நான் பரிந்துரைப்பதில்லை. உங்கள் மாடலுக்கென்றே செய்யப்பட்ட பிராக்கெட்டில் பின்புறமோ முன்புறமோ சிறிய உதடு ஒன்று எழும்பி, கேமராவின் உடம்போடு ஒட்டி நிற்கும். கேமரா திருகைச் சுற்றித் திரும்பாமல் தடுப்பது அந்த உதடுதான். பொதுவான பிராக்கெட்டில் அது இருக்காது, இருந்தாலும் ஒட்டி நிற்காது.

'ஏ7 தொடருக்கு' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருந்தாலும் நம்பிவிடாதீர்கள். சோனி ஏ7எம்3 உடலின் அகலம் 126.9 மில்லிமீட்டர், ஏ7எம்4 அகலம் 131.3. நாலு மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம். பழையதற்குச் செய்தது புதியதில் சரியாக உட்காராது. கேமராவின் அடியில் கூடுதல் பேட்டரிக்கான பேட்டரி கிரிப் போடுபவர்கள் கிரிப்புக்கென்றே உள்ள பிராக்கெட்டைத்தான் தேட வேண்டும்.

படி 3: இடப்பக்கம்

பலர் கவனிக்காமல் விடுவதும், வாங்கிய பிறகு அதிகம் வருத்தப்படுவதும் இங்கேதான். கேமராவைக் கையில் எடுத்து, நெடுவாக்கில் எப்படி நிற்குமோ அப்படியே பிடித்துப் பாருங்கள்: இடப்பக்கம் கீழே, கைப்பிடி மேலே. ஏ7எம்4-இல் மைக், ஹெட்ஃபோன், எச்டிஎம்ஐ, யுஎஸ்பி என எல்லாத் துளைகளும் அந்த இடப்பக்கத்தில்தான். அந்தப் பக்கம் இப்போது கிளாம்பைப் பார்த்துக் கவிழ்ந்து நிற்கிறது.

பக்கத் தகட்டில் சன்னல் மாதிரி வெட்டி வழி விட்டிருப்பார்கள். வழி இருந்தால் மட்டும் போதாது. நேரான கேபிளைச் செருகினால் அதன் முனை கிளாம்பில் இடிக்கும். ரப்பர் மூடி முழுதாகத் திறந்து ஒதுங்க இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பக்கத் தகட்டை வெளியே இழுத்து இடைவெளி உண்டாக்கும் வகை இதற்கு நல்ல தீர்வு. கேமராவைத் தொடாமல் படம் எடுக்கத்தான் கேபிள் என்றால் ப்ளூடூத் ரிமோட் போதும். அதுவும் இல்லையென்றால் 2 நொடி டைமர் இருக்கிறது.

அடுத்தது திரை. ஏ7எம்3 திரை மேலும் கீழும் மட்டும் சாயும், அதனால் தகராறு இல்லை. ஏ7எம்4 திரை பக்கவாட்டில் திறந்து சுழலும் வகை. நெடுவாக்கில் வைத்துத் திறந்தால் அது கீழ்நோக்கி, நேராக ட்ரைபாட் ஹெட்டின் பக்கம் இறங்குகிறது. தரையோரம் வைத்து எடுக்கும்போதுதான் அந்தத் திரை அதிகம் தேவைப்படும். அங்கே போய்த் தகடு மறித்தால் எரிச்சலாகத்தான் இருக்கும். பக்கத் தகடு சற்றே முன்னால் தள்ளி அமைந்திருந்தால் திரை அதன் பின்னால் திறந்துகொள்ளும். கிளாம்பின் திருகு உங்கள் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் ஹெட்டைத் திருப்பி அதை முன்பக்கம் கொண்டுபோய்விடுங்கள். விற்பனைப் பக்கத்தில் திரை திறந்த நிலையில், நெடுவாக்கில் ஒரு படமாவது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதே மாடல் வைத்திருப்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

படி 4: மற்றவை

பிராக்கெட்டைக் கழற்றாமல் பேட்டரி மூடி முழுதாகத் திறக்க வேண்டும். கார்டு மூடியும் அப்படித்தான்; சில கேமராக்களில் பேட்டரியும் கார்டும் ஒரே மூடிக்குள் இருக்கும். இடது பக்க பெல்ட் வளையம் தகட்டில் உரசக் கூடாது. பிளாஸ்டிக் வேண்டாம், ஒரே அலுமினியக் கட்டியில் கடைந்தெடுத்தது நல்லது. இரண்டு துண்டாக இருந்தால் மூலையில் ஒற்றைத் திருகு மட்டும் இருப்பதைத் தவிர்த்துவிடுங்கள், காற்றடிக்கும்போது அங்கேதான் அதிரும். ரியலி ரைட் ஸ்டஃப், கிர்க் இரண்டும் அமெரிக்க நிறுவனங்கள். விலை அதிகம், செய்நேர்த்தியும் அதிகம். சன்வேஃபோட்டோ, லியோஃபோட்டோ, ஸ்மால்ரிக் ஆகிய சீன நிறுவனங்களின் பிராக்கெட்டுகள் கைக்கு எட்டும் விலையில் கிடைக்கும். தொடங்குபவருக்கு இவை தாராளமாகப் போதும்.

படி 5: மாட்டும் முறை

கேமராவின் அடியையும் தகட்டையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். ஒரு மணல் துகள் நடுவில் இருந்தாலும் தகடு சமமாக உட்காராது. உதடு உடலோடு ஒட்டுகிறதா என்று பார்த்து, 1/4 அங்குலத் திருகை முதலில் கையால் பிடிக்கும் வரை திருப்பி, அப்புறம் ஆலன் கீயால் (எல் வடிவ அறுகோணச் சாவி) இறுக்குங்கள். சாவியின் குட்டைப் பக்கத்தைப் பிடித்து இரண்டு விரலால் திருப்பும் அளவு போதும். அதற்கு மேல் முறுக்கினால் கேமராவின் மரைக்குத்தான் ஆபத்து.

சரி, மாட்டியாயிற்று. கேமராவின் பெல்ட்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டே ட்ரைபாடில் நெடுவாக்கில் வைத்து, கிளாம்பை இறுக்கி, லேசாக இழுத்துப் பாருங்கள். பிறகு திரையில் தூரத்து விளக்கு ஒன்றைப் பெரிதாக்கி வைத்து, ட்ரைபாட் காலை விரலால் தட்டுங்கள். நடுக்கம் சட்டென்று அடங்க வேண்டும். அடங்காமல் ஆடினால் கிளாம்ப், மூலை, அடித் திருகு என்று ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள். கிடைவாக்கிலும் இதையே ஒருமுறை செய்யுங்கள்.

வண்டியில் போய் வரும் அதிர்விலேயே அடித் திருகு கொஞ்சம் தளரும். அந்த ஆலன் கீயை வீட்டு மேசையில் வைக்காமல் கேமராப் பையிலேயே போட்டுவைத்து, கிளம்பும் முன் ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.