செந்தூலின் பழைய படங்களுக்குப் பெயர் எழுதுவது எப்படி?

கோலாலம்பூரின் வடபுறத்தில் உள்ள செந்தூல், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த ரயில்வே பட்டறையைச் சுற்றி வளர்ந்த ஊர். அங்கிருந்த பழைய ரயில்வே கட்டடம் ஒன்று 2005-ஆம் ஆண்டு முதல் நாடக, இசை அரங்கமாக இயங்கி வருகிறது. கட்டடங்களைக் காப்பாற்றப் பெரும் பணம் வேண்டும். அது நம் கையில் இல்லை. ஆனால் பட்டறையில் வேலை செய்தவர் யார், அவர் குடும்பம் எந்த குவாட்டர்ஸில் குடியிருந்தது என்பதைக் காப்பாற்ற நான்கைந்து பேரும் ஒரு ஸ்கேனரும் போதும்.

முதலில் சங்கம் அமைத்துவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்கலாம் என்று நினைக்க வேண்டாம். யார் தலைவர் என்ற பேச்சிலேயே ஓராண்டு போய்விடும். கோயில் நிர்வாகத்திடம் கேட்டு, ஒரு வெள்ளிக்கிழமைப் பூசைக்குப் பிறகு மண்டபத்தில் இரண்டு மேசைகளைப் போடுங்கள். வீட்டிலுள்ள ஆல்பங்களை எடுத்து வரும்படி முந்தைய வாரமே சொல்லிவிடுங்கள். மூலப் படத்தை எந்தக் காரணத்துக்காகவும் இரவல் வாங்காமல், அங்கேயே, உரியவர் கண்முன்னே ஸ்கேன் செய்ய வேண்டும். அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற அளவில் டிஃப் (TIFF) கோப்பாகச் சேமிப்பது நல்லது. பசைத்தாள் ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்த்தெடுக்காமல், முழுப் பக்கத்தையும் அப்படியே ஸ்கேன் செய்யுங்கள்.

அடுத்ததுதான் உண்மையான வேலை. படத்தின் நகலை எடுத்து, ஒவ்வொரு முகத்துக்கும் ஓர் எண் இட்டு, தனித்தாளில் பெயர், உறவு, வேலை ஆகியவற்றை எழுத வேண்டும். மூலப் படத்தின் பின்புறத்தில் பேனாவால் எழுதினால் மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். பெயரைச் சொன்னவர் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பாட்டிமார் இரண்டு பெயர் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். தீர்ப்புச் சொல்வது நம் வேலை அல்ல, அந்த வாக்குவாதத்தில்தான் ஊரின் கதை வெளியே வருகிறது. “இது அப்பா இல்லம்மா, பெரியப்பா. அப்பாவுக்கு இடது கையில ரெண்டு விரல் பட்டறையிலேயே போயிடுச்சு” என்று ஒரு பெரியவர் சொன்னால், அதுவரை வெறும் கல்யாணப் படமாக இருந்தது அந்தக் கணமே பட்டறைத் தொழிலாளர் வாழ்க்கையின் ஆவணமாகிவிடுகிறது. மேசையைச் சுற்றி நிற்பவர்களில் பலர் பிளாட் வீடுகளுக்குக் குடிபெயர்ந்த பிறகு ஒருவரையொருவர் பார்த்தே இருக்கமாட்டார்கள். தேநீருக்கும் வடைக்கும் அதனால்தான் தாராளமாகச் செலவு செய்யச் சொல்கிறேன்.

நினைவு நன்றாக இருப்பவர்களை, அவர்கள் சம்மதத்துடன், பிறகு வீட்டில் சந்தித்துக் குரலைப் பதிவு செய்யுங்கள். “அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் பொதுவான பதில்தான் வரும். காலையில் எத்தனை மணிக்குப் பசியாறிவிட்டுக் கிளம்பினீர்கள், சம்பள நாளில் வீட்டுக்கு என்ன வாங்கி வந்தீர்கள், மீட்டர் வட்டிக்குக் கடன் கொடுத்தவர் யார் என்று கேளுங்கள்.

கோயிலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கும்பாபிஷேகத்துக்காகத் திருப்பணி நடக்கும்போதுதான் பழைய உபயதாரர் கல்வெட்டும் கணக்குப் புத்தகமும் குப்பை லாரியில் ஏறுகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு கோயிலில் பழைய நன்கொடைப் பேரேடுகள் அப்படித்தான் போயின. கேட்டபோது, கறையான் அரித்தது என்றார்கள். திருப்பணிக்கு முன்பே எல்லாவற்றையும் படம் எடுத்துவிடுங்கள்.

தேதிகளைச் சரிபார்க்கப் பழைய நாளேடுகள் உதவும். 1924-இல் தொடங்கிய மலேசிய நாளேடான தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. சிங்கப்பூர் நாளேடான தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத் தொகுப்பில் இலவசமாகப் படிக்கலாம். மலேசியாவின் தேசிய மரபுடைமைச் சட்டம் 2005, கட்டடங்களை மட்டுமன்றிப் பாட்டு, சடங்கு போன்ற கலை மரபுகளையும் பாதுகாக்க இடமளிக்கிறது. தேசிய மரபுடைமையாக அறிவிக்கும்படி ஒன்றை யார் வேண்டுமானாலும் அமைச்சருக்குப் பரிந்துரைக்கலாம். ஆதாரம் இல்லாத மனு நகராது என்பதால், மேற்சொன்ன படங்களும் பெயர்ப் பட்டியலும் அங்கேயும் பயன்படும்.

கோப்புகளை இரண்டு வெவ்வேறு வீடுகளில் இரண்டு வன்தட்டுகளிலும் இணையச் சேமிப்பில் ஒரு பிரதியாகவும் வையுங்கள். படம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் எண்களும் பெயர்களும் அச்சிட்ட ஒரு பிரதியை அடுத்த வெள்ளிக்கிழமை கையில் கொடுங்கள். வாங்கிப் பார்ப்பவர் விடுபட்ட பெயர் ஒன்றைக் கட்டாயம் சொல்வார், பென்சிலைக் கையில் வைத்திருங்கள்.