விண்டோஸில் த்ரெட் லாக்: மியூடெக்ஸ் வேண்டாம்

கேரள எல்லையில் புளியரைப் பக்கம் ஒரு எடைமேடைக்கு சி-யில் புரோகிராம் எழுதினேன். ஒரு த்ரெட் (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலை) சீரியல் போர்ட்டில் எடையைப் படிக்கும், இன்னொன்று திரையில் காட்டும். ரெண்டும் ஒரே நேரத்தில் அந்த எடையைத் தொடாமல் இருக்க நடுவில் மியூடெக்ஸ் என்ற லாக் (பூட்டு) போட்டிருந்தேன். வீண் வேலை, அது கெர்னல் (விண்டோஸின் உள்மையம்) சமாச்சாரம், பெரும்பாலும் வெவ்வேறு புராசஸ்கள் (தனித்தனியாக ஓடும் புரோகிராம்கள்) பங்குபோடும்போதுதான் தேவை.

ஒரே புராசஸுக்குள் எஸ்ஆர்டபிள்யூ (ஸ்லிம் ரீடர்/ரைட்டர்) லாக் போதும். விஸ்டாவிலிருந்தே இருக்கிறது. ஒரு பாயின்டர் (நினைவக முகவரி) அளவுதான். எஸ்ஆர்டபிள்யூலாக்_இனிட் என்று தொடக்க மதிப்பு கொடுத்தால் ஆயிற்று, கடைசியில் அழிக்கவும் வேண்டாம். படிக்க ஷேர்டு (பல த்ரெட்கள் சேர்ந்து எடுக்கலாம்), எழுத எக்ஸ்க்ளூசிவ் (ஒன்று மட்டும்).

ஆனால் எக்ஸ்க்ளூசிவாக எடுத்த த்ரெட்டே அதை மறுபடி எடுக்கப்போனால் அப்படியே நின்றுவிடும். எனக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு நின்றது, வெளியே கேரளா போகிற காய்கறி லாரிகள் வரிசையில்! உங்கள் கோடு அப்படி மறுபடி எடுக்கிற மாதிரி என்றால், அதே த்ரெட்டை மறுபடி உள்ளே விடும் கிரிட்டிக்கல் செக்ஷன் என்ற லாக்கே மேல். எத்தனை தடவை என்டர் பண்ணினீர்களோ அத்தனை தடவை லீவ் பண்ணணும்.