ஸ்பிரிங் குதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள்

மட்டக்களப்புக் கல்லடியில் எனக்கு ஒரு வெல்டிங் பட்டறை. கேற்றும் ஜன்னல் கம்பியும்தான் சோறு போடுகிற வேலை. ஆனாலும் வருடத்துக்கு ஒன்றிரண்டு ஸ்பிரிங் குதிரைகள் வந்துவிடும். சின்னப் பிள்ளைகள் ஏறிக் குதிக்கிற, குழாய்ச் சட்டத்தில் நாலு ஸ்பிரிங்கில் தொங்குகிற குதிரை. கொண்டுவருகிறவர்கள் கேட்பது ஒன்றே: "தம்பி, இது எந்தக் காலத்துச் சாமான்?"

போன மாதம் ஒரு டீச்சர் அக்கா ஓட்டோவில் ஒன்றை ஏற்றி வந்தார். "எங்கட பெத்தப்பா இங்கினியாகலையில வேலை செய்யக்குள்ள வெள்ளைக்காரன் குடுத்தது" என்றார். நடக்காத கதை இல்லை. 1949இல் அங்கே அணை கட்ட வந்தது மொரிசன் நுட்சன் என்ற அமெரிக்கக் கம்பனிதான். சரி என்று குதிரையைக் கவிழ்த்தேன். வயிற்றில் பெருவிரல் நகமளவு முக்கோணம், அதற்குள் 2. பிளாஸ்டிக்கின் வகையைச் சொல்லும் அந்த இலக்கமுறை அமெரிக்காவில் வந்ததே 1988இல். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று தேத்தண்ணி ஆறும்வரை யோசித்தேன்.

ஆகவே முதலில் கவிழ்த்துப் பாருங்கள். முக்கோணம் இருந்தால் 1988க்குப் பிந்தியது, அவ்வளவுதான். இல்லாவிட்டால் பழையது என்று துள்ள வேண்டாம். முக்கோணம் போடாமலும் செய்திருப்பார்கள்.

அடுத்தது காந்தம். நான் பழைய ஸ்பீக்கரில் கழற்றிய துண்டை வைத்திருக்கிறேன். உடம்பில் ஒட்டினால் தகரம். தகரக் குதிரை என்றால் இங்கிலாந்தின் மோபோவா என்று பாருங்கள். கென்ட் பக்கம் ஈரித் என்ற ஊரில் செபல் கம்பனி செய்தது. மிதியை அழுத்தினால் காலடிச் சில்லில் முன்னே நகர்கிறது என்றால் அது மோபோ புரொங்கோ. பெறுமதியானதுதான், ஆனால் நாம் தேடுகிற ஸ்பிரிங் குதிரை அல்ல. ஒட்டாவிட்டால் மரம் அல்லது பிளாஸ்டிக். அமெரிக்காவின் டென்னசியில் செய்த வொண்டர் ஹோர்ஸ் தொடக்கத்தில் மரத்தில் வந்தது, பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறியது. எழுத்தே இல்லாமல் வயிற்றில் உளித்தடம் தெரிந்தால் உள்ளூர்க் கைவேலையாக இருக்கலாம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியர் தச்சுக்குப் பேர்போனவர்கள். முதிரைக் கட்டையில் செதுக்கிய ஒன்றைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. விலைக்குக் கேட்டேன், தரவில்லை.

கறளை மட்டும் நம்பாதீர்கள். எங்கள் கடற்காற்றில் ஐந்து வருடச் சட்டம் ஐம்பது வருடம் மாதிரி ஆகிவிடும். அதைவிட ஸ்பிரிங் கொளுவுகிற துளையை டோர்ச் அடித்துப் பாருங்கள். பல வருடம் ஆடிய குதிரையில் துளை ஒரு பக்கம் இழுபட்டு முட்டை வடிவாகியிருக்கும், கொளுக்கியின் உள்வளைவும் தேய்ந்து பளபளக்கும். கொளுக்கி தேய்ந்து துளை மட்டும் வட்டமாகவே இருந்தால், குதிரையோ சட்டமோ ஸ்பிரிங்கோ ஏதோ ஒன்று வேறு இடத்திலிருந்து வந்தது.

எழுத்துத் தேடும்போது மண்தாளைத் தொடவே கூடாது. தொழில் தொடங்கிய காலத்தில் ஒரு தகரக் குதிரையின் மூன்று பூச்சுப் பெயின்டையும் தேய்த்துத் தள்ளினேன். கடைசிப் பூச்சில் ஏதோ இங்கிலிஷ் எழுத்து தலைகாட்டியது. கை நிற்பதற்குள் அதுவும் தூளாகிவிட்டது. எந்தக் கம்பனி என்று அந்த வீட்டுக்காரருக்கு இன்றுவரை சொல்ல முடியவில்லை. இப்போதெல்லாம் டோர்ச்சைச் சரித்துப் பிடிப்பேன். புடைத்த எழுத்தென்றால் மேலே தாளை வைத்துப் பென்சிலால் உரசுவேன், எழுத்து தாளில் ஏறிவிடும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கும் என்பது வேறு. அமெரிக்காவிலேயே 1978இல்தான் தடுத்தார்கள். அந்தத் தூள் பிள்ளைகளின் வாய்க்குப் போகக்கூடாது.

டீச்சர் அக்காவிடம் கடைசியில் முக்கோணத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்ப பெத்தப்பா குடுத்த குதிரை எங்க போச்சு?" என்று கேட்டார். வீட்டுப் பரணில் தேடிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.