தக்காளிச் செடிக்கு என்ன கேடு? மருந்தைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மாடியிலோ பின்கட்டிலோ தக்காளி வைக்கிறவர்கள் இலை லேசாகச் சுருண்டாலே உரக்கடைக்கு ஓடுகிறார்கள். பூச்சிக்கு ஒன்று, பூஞ்சைக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று என்று வாங்கி வந்து மூன்றையும் அடித்தும் செடி தேறுவதில்லை. நம் வெயிலில் தக்காளிக்கு வருகிற பல தொல்லைகள் நோயே இல்லை. நோய்தான் என்றாலும் சிலவற்றுக்கு மருந்தே கிடையாது. ஆகவே முதலில் கண்ணுக்கு வேலை கொடுப்போம்.

படி 1: காலையில் பாருங்கள்

மத்தியானம் பார்த்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். சித்திரை வெயிலில் தளம் கொதிக்கும்போது நல்ல செடியும் தலையைத் தொங்கப் போடும். பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிட்டால் கவலை வேண்டாம். விடிந்த பிறகும் தொங்கிக்கொண்டிருந்தால் மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விரலை விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் ஊற்றுங்கள். ஈரம் இருந்தும் வாடுகிறதா? தொட்டியின் அடித்துளை அடைத்துத் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் படி 4-க்குப் போங்கள்.

படி 2: மேல் இலையா, கீழ் இலையா?

பாதிக் குழப்பம் இந்தக் கேள்வியிலேயே தீர்ந்துவிடும்.

கீழ் இலைகள் மேல்நோக்கிக் குழாய் போலச் சுருண்டு, தடித்து, ஆனால் பச்சையாகவே இருந்தால் அது வெயிலின் வேலை. தண்ணீர் போவதைக் குறைக்கச் செடி தானே செய்துகொள்கிற ஏற்பாடு. நிழல்வலை கட்டுங்கள், மண்ணின் மேல் வைக்கோலோ சருகோ பரப்புங்கள், போதும்.

குருத்துப் பக்கம் சுருள்வது வேறு கதை. புதிய இலைகள் சிறுத்து, சுருங்கி, ஓரம் மஞ்சளித்து, கணு நெருங்கி, செடி குட்டையாகப் புதர்போல் நின்றுவிட்டால் அது இலைச்சுருட்டு வைரஸ். வெள்ளை ஈ பரப்புவது. செடியை லேசாகத் தட்டினால் பொடி வெள்ளையாகப் பறக்குமே, அதுதான். வந்த செடியைக் குணப்படுத்த வழியில்லை. வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். “பூ விட்டிருக்கே, பாவம்” என்று விட்டுவைத்தால் பக்கத்துச் செடிகளுக்கும் ஈ அதைக் கொண்டுபோகும். மீதிச் செடிகளுக்கு நடுவே மஞ்சள் ஒட்டும் பொறி கட்டுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயுடன் கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். அடுத்த முறை நடும்போது இந்த நோயைத் தாங்கக்கூடிய அர்கா ரக்ஷக் போன்ற ரகத்தைத் தேடுவது நல்லது.

கீழ் இலையில் பழுப்புப் புள்ளி தோன்றி, வளையத்துக்குள் வளையமாகப் பெரிதாகி, சுற்றிலும் மஞ்சள் படர்ந்தால் அது இலைக்கருகல் பூஞ்சை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் தெறித்து இலையில் படும்போது அதிகம் வரும். அந்த இலைகளைக் கிள்ளி எறியுங்கள், தரையைத் தொடும் கிளைகளைக் கழியுங்கள், தண்ணீரை இலையில் படாமல் வேரடியில் ஊற்றுங்கள். அடியில் ஒன்றிரண்டு முதிர்ந்த இலைகள் புள்ளியே இல்லாமல் மஞ்சளித்து உதிர்ந்தால் அது வயசு. விட்டுவிடுங்கள்.

படி 3: இலையைத் திருப்புங்கள்

இலையில் வெளிறிய பொடிப் புள்ளிகள் தெரிகிறதா? அடியில் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து இலையைத் தட்டுங்கள். தாளில் விழுந்த துகள் நகர்ந்தால் அது சிலந்திப்பேன். பங்குனி, சித்திரையில்தான் இதன் ஆட்டம். காலையில் இலை அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பெருமளவு குறையும். இலைமேல் வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போயிருந்தால் இலைத்துளைப்பான். அந்த இலையைக் கிள்ளினால் சரி.

படி 4: தண்டை அறுத்துப் பாருங்கள்

இலை பச்சையாக இருக்கும்போதே செடி முழுவதும் சடாரென்று வாடி, மறுநாளும் எழவில்லை என்றால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். செடியைப் பிடுங்கி, அடித்தண்டில் மூன்று அங்குலத் துண்டு வெட்டுங்கள். கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை நீரில் படும்படி துண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டக் கூடாது. சில நிமிடங்களில் முனையிலிருந்து வெள்ளையாக, நூல் நூலாக ஒரு கசிவு கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல். அந்தக் கிருமி மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். அந்த மண்ணில் மறுபடி தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் வைக்காதீர்கள். கீரையோ வெண்டையோ போடலாம். கத்தியைக் கழுவிவிட்டுத்தான் அடுத்த செடியைத் தொட வேண்டும்.

கசிவு இல்லாமல், தண்டின் உள்ளே பழுப்புக் கோடு ஓடி, கீழ் இலைகள் ஒரு பக்கமாக மஞ்சளித்து வாடியிருந்தால் பூஞ்சை வாடல். வேரைத் தட்டிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தால் நூற்புழு. அதற்குச் செண்டுமல்லியை அந்த இடத்தில் வளர்ப்பது பழைய உபாயம், பலனும் உண்டு.

படி 5: காய்

காயின் அடிப்பக்கம் கருத்து, தோல் போல அமுங்கினால் எல்லோரும் அழுகல் நோய் என்று பயப்படுகிறார்கள். அது சுண்ணாம்புச் சத்து காய்க்கு வந்து சேராத குறை. நம் செம்புறை மண்ணில் அந்தச் சத்து குறைவாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி, இரண்டு நாள் மறந்துவிட்டு மூன்றாம் நாள் குடம் குடமாகக் கொட்டுகிற பழக்கம்தான். தினமும் அளவாக ஊற்றினால் அடுத்து வரும் காய்கள் நன்றாக வரும். முட்டை ஓட்டைப் பொடித்துப் போடச் சொல்வார்கள். போடலாம், தப்பில்லை, அது கரைந்து வேருக்குச் சேர மாதக்கணக்காகும், அதை நம்பித் தண்ணீரை மறக்காதீர்கள். காய் வெடிப்பதற்கும் பெரும்பாலும் இதே காரணம்தான்.

வெயில் படும் பக்கம் வெளுத்துக் காகிதம் போலானால் வெயில் சூடு. இலைகளை அதிகம் கழிக்காதீர்கள். வட்ட ஓட்டை போட்டு, பாதி உடம்பு வெளியே தெரியப் புழு தின்றுகொண்டிருந்தால் காய்ப்புழு. கையால் பிடித்து அகற்றி, ஓட்டை விழுந்த காயையும் பறித்துவிடுங்கள். பூ உதிர்வது கோடையில் சகஜம். பகல் சூடு 35 டிகிரியைத் தாண்டினால் காய் பிடிப்பது கஷ்டம்.

இத்தனையும் பார்த்தும் பிடிபடவில்லையா? குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேளுங்கள். ஒற்றை இலையைக் கொண்டுபோனால் யாராலும் சொல்ல முடியாது. பாதிப்பு பாதியில் நிற்கிற ஒரு செடியை வேரோடு எடுத்து, செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு போங்கள். பிளாஸ்டிக் பையில் வேண்டாம், பஸ்ஸில் போய்ச் சேருவதற்குள் புழுங்கி அழுகிவிடும். கடைசியாக என்ன மருந்து அடித்தீர்கள் என்பதையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அவர்கள் அதைக் கட்டாயம் கேட்பார்கள்.