பழைய டயருக்குள் நிற்கும் தண்ணீர்

செங்கோட்டை, புளியரைப் பக்கம் ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால், தார்ப்பாய் பறக்காமலிருக்கக் கூரைமேல் போட்ட பழைய டயருக்குள்ளும் தண்ணீர் நிற்கும். டார்ச் அடித்துப் பாருங்கள், புழுக்கள் நெளியும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்த இடம் அது. முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் தீராது. உள்சுவரில் ஒட்டிய முட்டைகள் காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து அடுத்த மழையில் பொரிக்கும். அதனால் பிரஷால் உள்பக்கத்தை அழுத்தித் தேயுங்கள். அப்புறம், படுக்கப் போட்ட டயரின் அடிப்பக்கம் நாலைந்து துளை போடுங்கள்.

வேண்டாததைப் பழைய டயர் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். போகிக்குக்கூடக் கொளுத்த வேண்டாம், தயவுசெய்து. அந்தக் கரும்புகையில் புற்றுநோய் உண்டாக்கும் பென்சீன் இருக்கிறது.