மானிட்டர் வாங்கும் முன் கட்டிலிலிருந்து அளந்து பாருங்கள்

சென்னையில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன் வீட்டில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. தையல் டேப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் நான் பார்த்த பல வீடுகளில் கம்ப்யூட்டர் மேசைக்குக் கிடைப்பது பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருக்கும் கொஞ்சம் இடம்தான். பகலில் அதில் ஆபீஸ் வேலை, சாயங்காலம் பையனின் கேம். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து எல்லோரும் படம் பார்ப்பார்கள். அதனால் அளவு இரண்டு எடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் கண்ணுக்கும் திரைக்கும் எவ்வளவு தூரம், கட்டிலில் உட்கார்ந்தால் எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். மேசையின் அகலம், ஆழம் இரண்டையும் அதிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 1: எத்தனை இஞ்ச்?

மானிட்டரை மூலைக்கு மூலை குறுக்காக அளந்து இஞ்ச் சொல்வார்கள். 24 இஞ்ச் திரை ஏறக்குறைய 53 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரம் இருக்கும். 27 இஞ்ச் என்றால் 60 செ.மீ. அகலம், 34 செ.மீ. உயரம். நாற்காலியிலிருந்து இரண்டு, இரண்டரை அடிதான் என்றால் 24 போதும். மூன்றடி இருந்தாலோ, கட்டிலிலிருந்து படம் பார்ப்பது வழக்கமாக இருந்தாலோ 27 எடுங்கள். ஸ்டாண்டின் கால் மேசையில் நிறைய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இடம் குறைவென்றால், பின்பக்கம் நான்கு ஸ்குரூ ஓட்டைகள் உள்ள மாடலாகப் பார்த்துச் சுவரில் மாட்டிவிடலாம்.

படி 2: தமிழ் எழுத்தை வைத்துச் சோதியுங்கள்

இதை மட்டும் அவசரப்படாமல் செய்யுங்கள். ஃபுல் எச்.டி. என்பது 1920 × 1080 புள்ளிகள். 24 இஞ்சில் அது ஓர் இஞ்சுக்கு 92 புள்ளி அளவில் வரும். அதே புள்ளிகளை 27 இஞ்சில் பரப்பினால் 82 ஆகக் குறைந்துவிடும். ஆங்கில எழுத்தில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. நம் எழுத்தில் சுழி அதிகம். கடையில் நீங்கள் தினமும் படிக்கும் தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்து, எழுத்தைப் பெரிதாக்காமல் ‘ஞ’, ‘ணூ’, ‘க்ஷ’ இருக்கும் வார்த்தைகளைத் தேடிப் பாருங்கள். ‘ஞ’வின் உள்வளைவு அடைபட்டது போலவும், மெய்யெழுத்தின் புள்ளி சதுரமாகவும் தெரிந்தால், நாள் முழுக்க அதில் படிப்பது கண்ணுக்குச் சிரமம். 27 இஞ்ச்தான் வேண்டுமென்றால் 2560 × 1440 உள்ளதாக வாங்குங்கள். இஞ்சுக்கு 109 புள்ளி வரும், எழுத்து அச்சடித்தது போல நிற்கும்.

படி 3: பேனல்

படத்தைக் காட்டும் திரைப்பலகைதான் பேனல். கடையில் அதன் வகைகளாக ஐ.பி.எஸ்., வி.ஏ. என்று இரண்டு பெயர் அடிபடும். அகன்ற திரைக்கு எடுத்த படத்தை 24 இஞ்சில் ஓடவிட்டால் மேலேயும் கீழேயும் ஏறக்குறைய 4 செ.மீ. கறுப்புப் பட்டை வரும். விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தால் ஐ.பி.எஸ்.ஸில் அந்தப் பட்டை சாம்பல் நிறமாகத் தெரியும், வி.ஏ.வில் நல்ல கறுப்பாக இருக்கும். காரணம், ஐ.பி.எஸ்.ஸின் கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், பொதுவாக 1000:1, வி.ஏ.வினுடையது 3000:1 அளவில். ஆனால் வி.ஏ.வைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். விலை குறைந்த மாடல்களில், கேமில் இருட்டான இடத்தில் வேகமாக ஓடும்போது பின்னால் மசி இழுத்தது போல ஒரு தடமும் வரும்.

தனியாக, நேர் எதிரே உட்கார்ந்து ராத்திரியில் படம் பார்ப்பவருக்கு வி.ஏ. அருமையானது. கட்டிலின் ஓரத்தில் அம்மாவும் தங்கையும் உட்கார்ந்து பார்க்கும் வீட்டுக்கு ஐ.பி.எஸ். எடுங்கள். மூன்று வேலைக்கும் ஒன்றே என்றால் நான் ஐ.பி.எஸ். பக்கம்தான். டி.என். என்று இன்னொரு பழைய வகைப் பேனலும் உண்டு, அது வேண்டாம்.

படி 4: ஹெர்ட்ஸ்

ஒரு செகண்டில் திரை எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பதுதான் இது. 60 ஹெர்ட்ஸில் திரையில் ஒரு பிம்பம் 16.7 மில்லி செகண்டு நிற்கும், 144இல் 6.9தான். சுடும் கேம், கார் ரேஸ் ஆடுபவருக்கு இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். சினிமாவுக்கும் இதில் லாபம் உண்டு. சினிமா செகண்டுக்கு 24 ஃபிரேம். 60ஐ 24ஆல் வகுத்தால் சரியாக வராது, அதனால் ஒரு ஃபிரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறி வந்து, கேமரா மெதுவாக நகரும் காட்சியில் லேசாகத் திக்கும். 120, 144 இரண்டும் மிச்சமில்லாமல் வகுபடும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண கம்ப்யூட்டருக்கு 100 ஹெர்ட்ஸ் தாராளம்.

என் தம்பி ஆசைப்பட்டு 144 ஹெர்ட்ஸ் வாங்கி, பல மாதம் 60இலேயே ஆடிக்கொண்டிருந்தான். விண்டோஸ் தானாக மாற்றியிருக்கவில்லை. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து, டிஸ்ப்ளே செட்டிங்ஸ், அப்புறம் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போய் அதிக எண்ணைத் தேர்ந்தெடுங்கள். அங்கே அந்த எண் வரவில்லை என்றால் எச்.டி.எம்.ஐ. கேபிளைக் கழற்றிவிட்டு டிஸ்ப்ளே போர்ட் கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

அட்டையில் எழுதியிருக்கும் ‘1 மில்லி செகண்டு’ (புள்ளி நிறம் மாற எடுக்கும் நேரம்), ‘எச்.டி.ஆர்.’ (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் வசதி) இரண்டுக்காகவும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். பட்ஜெட் மானிட்டரில் எச்.டி.ஆர். என்றால் பெரும்பாலும் அந்த சிக்னலை ஏற்கும் என்பதோடு சரி, அதைக் காட்டும் அளவுக்கு வெளிச்சம் இருக்காது.

படி 5: கடையில்

விம்கோ நகர் மெட்ரோவில் ஏறினால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடந்தே ரிச்சி தெருவுக்குப் போய்விடலாம். பென் டிரைவில் ராத்திரிக் காட்சி உள்ள ஒரு வீடியோவும், சிவப்பு, பச்சை, நீலம், வெள்ளை, கறுப்பு என ஐந்து வெற்றுப் படங்களும் கொண்டு போங்கள். “அண்ணே, ஒரு தடவை போட்டுக் காட்டுங்க” என்று கேட்கத் தயங்க வேண்டாம். ஒவ்வொரு நிறத்தையும் முழுத் திரையில் வைத்து, மாறாமல் நிற்கும் புள்ளி ஏதாவது இருக்கிறதா என்று மூலை முடுக்கெல்லாம் பாருங்கள். இந்தச் சோதனையை நீங்கள் எடுத்துப்போகப்போகும் பெட்டியைப் பிரித்தே செய்யச் சொல்லுங்கள், காட்சிக்கு வைத்ததில் செய்து பயனில்லை. உள்ளே ஸ்பீக்கர் உண்டா என்றும் கேளுங்கள், பலவற்றில் இருக்காது. பில்லில் சீரியல் நம்பர் இருக்க வேண்டும்.

திரும்பும்போது ஆட்டோ நல்லது. பெட்டியைப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி, மடியோடு அணைத்துப் பிடியுங்கள்.

படி 6: வீட்டில்

ஜன்னல் திரைக்கு நேர் எதிரிலோ நேர் பின்னாலோ வராமல், பக்கவாட்டில் வருமாறு மேசையைத் திருப்புங்கள். திரையின் மேல் விளிம்பு உங்கள் கண் மட்டத்தில் இருக்கட்டும். காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடல் பக்கம் உள்ள வீட்டில் உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். கடல் பார்த்த ஜன்னலுக்கு அடியில் மானிட்டரை வைக்காதீர்கள். துடைக்க உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி போதும், கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் திரையில் தெளிக்கவே கூடாது. அட்டைப்பெட்டியையும் உள்ளிருக்கும் தெர்மாகோலையும் பரணில் போட்டு வையுங்கள். வாரண்டி முடியும்வரை அது தேவைப்படும்.